மூலிகைச் செய்தியோடு ஆய்வின் படிநிலையையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு மூலிகையின் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த பொருள் ரத்தப் புற்றணுக்களை அழிப்பதாக ஆய்வகம் ஒன்றில் கண்டறியப்பட்டிருக்கிறது என்ற செய்தியைத் தங்கள் நாளிதழில் அண்மையில் வாசித்தேன். செய்திக்குள் எழுதப்பட்டிருந்தது பெரும்பாலும் சரிதான். கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிரணுக்களின் மீதுதான் சோதனை நடந்தது என்பதும் கடைசிப் பத்தியில் இருந்தது. ஆனால், ரத்தப் புற்றுநோயை மூலிகை குணமாக்கும் என்று பொருள்படும் தலைப்பை மட்டும் படம் பிடித்துக் கைப்பேசியில் அனுப்புகிறவர்கள் கடைசிப் பத்தியை அனுப்புவதில்லை. புற்றுநோய்ப் பிரிவின் வராந்தாவில் பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெற்றோரிடம் அந்தத் தலைப்பு மட்டும்தான் போய்ச் சேர்கிறது. அடுத்த கீமோவுக்கு வரலாமா, அல்லது அந்த இலையைத் தேடிப் போகலாமா என்ற கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

நான் அரசு மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தின் பிற்பகுதி கீமோ மருந்துகளை அளந்து கலந்து கொடுக்கும் அறையில் கழிந்தது. தாவரங்களில் மருந்து தேடும் முயற்சியை நான் எள்ளளவும் குறைத்து மதிக்கவில்லை. அந்த அறையில் என் கைகளால் அளந்து கொடுத்தவற்றுள் மிக முக்கியமான சில மருந்துகள் செடிகளிலிருந்து பிறந்தவை. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒரு தாவரப் பொருள் நோயாளியின் ரத்தக்குழாய்க்குள் செலுத்தத்தக்க மருந்தாக ஆவதற்கு நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கிறது. ஒரு செய்தியில் சொல்லப்படும் ஆய்வு அந்தத் தூரத்தில் எங்கே நிற்கிறது, அணுவிலா, எலியிலா, மனிதரிலா என்பதைத் தலைப்பிலோ முதல் வாக்கியத்திலோ தெரிவிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை விளக்க, நம் வீட்டு வாசல்களில் பூக்கும் ஒரு செடியின் வரலாற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

நித்தியகல்யாணி என்றும், சுடுகாட்டு மல்லி என்றும், பட்டிப்பூ என்றும் நாம் அழைக்கும் செடி மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்டது. வெப்ப நாடுகள் பலவற்றிலும் பரவி, பல இடங்களில் சர்க்கரை நோய்க்கான கை மருந்தாக அதன் இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கும் வழக்கம் ஏற்பட்டது. 1952இல் ஜமைக்காவிலிருந்து அத்தகைய இலைகள் சில கனடாவைச் சேர்ந்த கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்கு அஞ்சலில் வந்தன. அவர் அவற்றை மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்த தம் சகோதரர் ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். எலிகளுக்கு இலைச்சாற்றை வாய்வழியாகப் புகட்டிப் பார்த்ததில் ரத்தச் சர்க்கரை குறையவே இல்லை. சாற்றை ஊசி மூலம் செலுத்தியபோது எலிகள் சில நாட்களில் கிருமித் தொற்றால் செத்தன. ஏன் செத்தன என்று ஆராய்ந்ததில், அவற்றின் வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்து, எலும்பு மஜ்ஜை வற்றிப்போயிருந்தது தெரியவந்தது. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய்க்கு இது பயன்படுமே என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. வேதியியலாளர் சார்லஸ் பீர் பல்லாண்டு உழைத்து வின்பிளாஸ்டீன் என்ற ஆல்கலாய்டை, அதாவது செடியில் இயல்பாக உண்டாகும் வீரியமான வேதிப்பொருளை, தூய வடிவில் பிரித்தார். 1958இல் அந்தக் குழு தன் முடிவுகளை வெளியிட்டது.

அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் கோர்டன் ஸ்வோபோடாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதே செடியைச் சோதித்துக்கொண்டிருந்தனர். அவர்களுக்கும் முதலில் தூண்டுதலாக இருந்தது சர்க்கரை நோய் பற்றிய நாட்டு வழக்குதான். லூக்கேமியா என்னும் ரத்தப் புற்று ஏற்றப்பட்ட சுண்டெலிகள் இச்செடியின் சாற்றால் கூடுதல் நாட்கள் உயிர் வாழ்ந்ததை அவர்கள் கண்டனர். அந்தச் சாற்றிலிருந்து பிரிக்கப்பட்டதே வின்கிரிஸ்டீன். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 1963இல் அதற்கு அனுமதி அளித்தது.

அந்தக் காலத்தில் குழந்தைகளுக்கு வரும் தீவிர லிம்போபிளாஸ்டிக் லூக்கேமியா ஏறத்தாழ உறுதியான மரணமாகவே கருதப்பட்டது. சிகிச்சை இல்லாவிட்டால் சில மாதங்களே வாழ்வு. 1948இல் மருத்துவர் சிட்னி ஃபார்பர் அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து நோயைத் தற்காலிகமாக அடக்கிக் காட்டியிருந்தார், நோய் திரும்பியது. 1960களின் தொடக்கத்தில் எமில் ஃப்ரை, எமில் ஃப்ரைரைக் ஆகிய மருத்துவர்கள் வின்கிரிஸ்டீனையும் மெத்தோட்ரெக்சேட், மெர்காப்டோபியூரின், பிரெட்னிசோன் ஆகியவற்றையும் ஒருங்கே கொடுக்கும் துணிச்சலான முறையை வகுத்தனர். மெம்பிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கல் அதைப் பல கட்டச் சிகிச்சையாக விரித்தார். இன்று வசதியுள்ள நாடுகளில் இந்நோய் வரும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் வரை பிழைக்கிறார்கள். நம் நாட்டில் மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் ஆகிய மூன்றும் 1980களிலிருந்து எம்.சி.பி.-841 என்ற பொதுவான சிகிச்சை முறையைப் பின்பற்றி, பிழைக்கும் குழந்தைகளின் விகிதத்தைக் கணிசமாக உயர்த்தின. அதிலும் வின்கிரிஸ்டீன் உண்டு. கீமோ என்றால் வெறும் ரசாயனம், மூலிகை என்றால் இயற்கை என்று பிரித்துப் பேசுகிறவர்கள், அந்தக் கீமோ வரிசையின் முதல் நாளிலேயே நித்தியகல்யாணியின் பொருள்தான் குழந்தையின் ரத்தக்குழாயில் ஏறுகிறது என்பதை அறிந்தால் நல்லது.

இந்த வரலாற்றைச் சொன்னதுமே, அப்படியானால் இலையையே அரைத்துக் குடித்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. மருத்துவமனையின் மருந்து வழங்கும் சன்னலில் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்டவர்கள் அறியாமையால் கேட்கவில்லை, பிள்ளையை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பில் கேட்டார்கள். அவர்களுக்கு நான் சொன்ன விடையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நித்தியகல்யாணியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. வின்கிரிஸ்டீன் அவற்றுள் மிகச் சொற்பமாகக் கிடைப்பது. ஒரு கிராம் எடுக்கவே டன் கணக்கில் காய்ந்த இலை வேண்டும். சற்றே கூடுதலாகக் கிடைக்கும் வின்பிளாஸ்டீனை வேதிமுறையில் மாற்றி வின்கிரிஸ்டீன் ஆக்கும் வழி ஏற்பட்டதும் அதனால்தான். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, அவ்வளவு பெரிய மூலக்கூறில் ஒரு நைட்ரஜன் அணுவோடு மெத்தில் தொகுதி சேர்ந்திருக்கிறதா, ஃபார்மில் தொகுதி சேர்ந்திருக்கிறதா என்பது மட்டுமே. ஆனால் அந்தச் சிறு வேறுபாட்டால் வின்பிளாஸ்டீன் எலும்பு மஜ்ஜையை அதிகமாகத் தாக்குகிறது, வின்கிரிஸ்டீன் நரம்புகளை அதிகமாகத் தாக்குகிறது. முன்னது ஹாட்ஜ்கின் வகை நிணநீர்ப் புற்றுக்கும், பின்னது குழந்தைகளின் லூக்கேமியாவுக்கும் முதன்மை மருந்தாகிறது. ஒரு குவளை கஷாயத்தில் இவற்றில் எது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சொல்ல எவராலும் முடியாது. செடி நின்ற மண், பறித்த பருவம், இலையின் முதிர்ச்சி, உலர்த்திய விதம் எல்லாவற்றாலும் அந்த அளவு மாறும். மேலும், வின்கிரிஸ்டீன் வாய்வழியாகக் கொடுத்தால் நம்பகமாக உடலில் சேராது. ரத்தக்குழாய் வழியாகத்தான் ஏற்ற வேண்டும்.

அந்த மருந்தின் சிறு கண்ணாடிக் குப்பியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம். தண்ணீர் போலத் தெளிந்த நிறமற்ற திரவம். வெளிச்சம் படாமல், 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். குழந்தையின் உயரத்தையும் எடையையும் கொண்டு உடற்பரப்பைக் கணக்கிட்டு, ஒரு சதுர மீட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் என்று அளவு போடுவார்கள். உடற்பரப்பு 0.8 சதுர மீட்டர் உள்ள பிள்ளைக்கு 1.2 மில்லிகிராம், எவ்வளவு பெரியவராக இருந்தாலும் பெரும்பாலும் 2 மில்லிகிராமுக்கு மேல் இல்லை. ஆரம்பக் கட்டத்தில் வாரத்துக்கு ஒருமுறைதான். ஒரு தேக்கரண்டிகூட நிரம்பாத அந்தத் திரவத்துக்கு மருத்துவர் எழுத்து, மருந்தாளுநர் கணக்கு, செவிலியர் சரிபார்ப்பு என்று மூன்று கண்கள் வேண்டியிருக்கின்றன. ரத்தக்குழாயிலிருந்து கசிந்து தோலுக்கடியில் பரவினால் சதையைப் புண்ணாக்கிவிடும். தண்டுவடத் திரவத்தில் தவறிச் செலுத்தப்பட்டால் ஏறத்தாழ எப்போதுமே உயிர் போய்விடும். உலகில் பல இடங்களில் அப்படி நேர்ந்திருப்பதால் உலக சுகாதார நிறுவனம் 2007இல் எச்சரிக்கை விடுத்தது. சிரிஞ்சில் கொடுக்காமல் சிறிய டிரிப் பையில் கலந்தே கொடுக்க வேண்டும் என்று வலியுறுத்தப்படுவதும் அந்தத் தவறுக்கு இடமே இருக்கக்கூடாது என்பதற்காகத்தான்.

சரியாகக் கொடுத்தாலும் விளைவுகள் இல்லாமல் இல்லை. புற்றணு இரண்டாகப் பிரியும்போது, மரபுப் பொருளைச் சமமாக இழுத்துப் பங்கிடும் நுண்குழல்கள் டியூபுலின் என்ற புரதத்தால் கட்டப்படுகின்றன. வின்கிரிஸ்டீன் அந்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு குழல்கள் உருவாகாமல் தடுக்கிறது. பிரிய முடியாமல் பாதியில் நின்ற அணு மடிகிறது. ஆனால் நம் நரம்பிழைகளும் அதே நுண்குழல்கள் வழியாகத்தான் தம் சத்துகளைக் கால் நுனி வரை கடத்துகின்றன. அதனால்தான் சில வாரங்களில் பிள்ளைகள் முன்பாதத்தைத் தூக்க முடியாமல் தேய்த்து நடக்கிறார்கள். செருப்பு காலில் நிற்காமல் கழன்று விழுகிறது என்று தாய்மார் முதலில் சொல்வது அதைத்தான். தாடையில் வலி, நாள்கணக்கில் மலச்சிக்கல், விரல் நுனிகளில் மரத்துப்போன உணர்வு ஆகியவையும் வரும். இவற்றைக் கவனித்து அளவைக் குறைப்பதும், தள்ளிப்போடுவதும், பூஞ்சைத் தொற்றுக்கான சில மாத்திரைகள் இந்த நச்சை அதிகப்படுத்தும் என்பதால் அவற்றை மாற்றுவதும் சிகிச்சையின் அங்கம். அளவு தெரிந்தால்தான் குறைக்கவும் முடியும். கஷாயத்தில் எதைக் குறைப்பது?

இங்கே நம் மாநிலத்துக்கு உள்ள உறவையும் குறிப்பிட வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் பகுதிகளின் மானாவாரி நிலங்களில் நித்தியகல்யாணி பல்லாண்டுகளாகப் பயிராகிறது. அதிக நீர் கேட்காது. ஆடு மாடு வாய் வைக்காது. இலையையும் வேரையும் தனித்தனியாகக் காயவைத்து விற்கிறார்கள்; இலை புற்றுநோய் மருந்துக்கும், வேர் ரத்த ஓட்டம் தொடர்பான அஜ்மலிசின் என்ற பொருளுக்கும் போகிறது. உலகின் எங்கோ ஒரு குழந்தையின் சிகிச்சையில் நம் கரிசல் காட்டின் பங்கும் இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. 2022இல் ஈஸ்ட் நுண்ணுயிரைப் பல மரபணு மாற்றங்களுக்கு உட்படுத்தி, வின்பிளாஸ்டீனுக்கு மூலமான வின்டோலின், கேதரன்தின் ஆகியவற்றை அதற்குள்ளேயே உருவாக்கிக் காட்டியிருக்கிறார்கள். அது தொழிற்சாலை அளவுக்கு வளர்ந்தால் இந்த விவசாயிகளின் நிலை என்னவாகும் என்பதை நம் வேளாண்மைத் துறை இப்போதே எண்ணிப் பார்ப்பது நல்லது. அமெரிக்காவில் 2019இல் ஒரு தயாரிப்பாளர் விலகியதும் வின்கிரிஸ்டீனுக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டை நினைத்தால், ஒரே ஒரு வழியை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதும் புரியும்.

நித்தியகல்யாணி தனி உதாரணம் அன்று. இமயமலைச் சரிவுகளில் வளரும் போடோஃபில்லம் செடியின் கிழங்கில் உள்ள போடோஃபில்லோடாக்சின் அப்படியே உள்ளே கொடுக்க முடியாத அளவு நஞ்சு. அதன் மூலக்கூறைத் திருத்தி உருவாக்கியதே எட்டோபோசைட். நிணநீர்ப் புற்றான லிம்போமாவிலும் சில வகை லூக்கேமியாவிலும் இன்றும் அது தேவைப்படுகிறது. அதே எட்டோபோசைட், சிகிச்சை முடிந்து சில ஆண்டுகளில் மிகச் சிலருக்குப் புதிதாக ஒரு லூக்கேமியாவையே உண்டாக்கக்கூடும். செடியிலிருந்து வந்தது என்பதால் தீங்கு செய்யாது என்ற நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியவில்லை. அளவற்ற அறுவடையால் அந்தச் செடியே அருகிப்போய், அதன் வணிகம் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டிருக்கிறது.

சீனாவில் செபலோடாக்சஸ் என்ற ஊசியிலை மரத்திலிருந்து ஹோமோஹாரிங்டோனின் பிரிக்கப்பட்டு, 1970களிலிருந்தே அங்குள்ள மருத்துவர்களால் லூக்கேமியாவுக்குப் பயன்படுத்தப்பட்டது. அதன் ஒரு வடிவத்துக்கு, வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாத நாட்பட்ட மைலாய்ட் லூக்கேமியாவுக்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2012இல்தான். அதே சீனாவில், பதினொரு சரக்குகள் சேர்ந்த ஒரு பழைய மருந்தைப் பகுத்துப் பார்த்ததில், நம் அவுரியைப் போல நீலச்சாயம் தரும் செடிகளின் சாயப்பொடிதான் வேலை செய்கிறது என்றும், அதில் இன்டிரூபின் என்ற பொருள்தான் செயல்படுகிறது என்றும் கண்டுபிடித்தார்கள். பாரம்பரிய மருத்துவத்தை மதிப்பது என்றால் இப்படித்தான் மதிக்க வேண்டும் என்பேன்: எந்தச் சரக்கு, எந்தப் பொருள், எவ்வளவு, யாருக்கு என்று விடாமல் கேட்டு.

வெற்றி பெறாதவற்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அவையே எண்ணிக்கையில் மிகுதி. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் டைசாக்சைலம் மரத்தில் கிடைத்த ரோஹிடுகின் என்ற பொருளை மாதிரியாகக் கொண்டு, மும்பையில் இருந்த ஹெக்ஸ்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஃபிளேவோபிரிடால் உருவாக்கப்பட்டது. நாட்பட்ட லிம்போசைடிக் லூக்கேமியாவில், வேறு எதற்கும் கட்டுப்படாத நோயாளிகள் சிலருக்குக்கூட அது பலன் தந்தது. அதே வேகத்தில் புற்றணுக்கள் மொத்தமாக உடைந்து, அவற்றின் கழிவு சிறுநீரகத்தை அடைத்து, சிலருக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டிய நிலையும் ஏற்பட்டது. பல ஆண்டு ஆய்வுகளுக்குப் பின்னும் அது அனுமதி பெற்ற மருந்தாகவில்லை. ஃபீவர்ஃபியூ என்ற ஐரோப்பியச் செடியின் பார்த்தினோலைடு, லூக்கேமியாவின் வேரான மூல அணுக்களையே அழிப்பதாக 2005இல் கண்டறியப்பட்டபோது பெரும் நம்பிக்கை எழுந்தது. உடலில் கரைந்து சேரும் தன்மை அதற்குப் போதவில்லை. இவை மோசடிகள் அல்ல. நேர்மையான, திறமையான ஆய்வுகள். முதல் நாள் தலைப்புச் செய்தியாக வந்திருந்தால், இவையும் மருந்து கண்டுபிடிப்பு என்றே வந்திருக்கும்.

கண்ணாடித் தட்டில் அணுவைக் கொல்வது ஏன் மருந்தாகாது என்பதற்கு மஞ்சளே சாட்சி. அதிலுள்ள குர்குமின் ரத்தப் புற்றணுக்களைத் தட்டில் அழிப்பதைக் காட்டும் ஆய்வுகள் ஏராளம். ஆனால் ஒரு நாளைக்கு 8 கிராம் வரை மனிதர்களுக்கு விழுங்கக் கொடுத்துப் பார்த்தபோதும், ரத்தத்தில் தென்பட்ட அளவு மிகச் சொற்பம். குடல் அதை ஏற்பதில்லை, ஏற்றதையும் ஈரல் உடனே மாற்றி வெளியேற்றிவிடுகிறது. தட்டில் ஊற்றிய செறிவை உடலில் எட்ட முடியுமா, எட்டினால் நல்ல அணுக்கள் தாங்குமா என்ற இரு கேள்விகளுக்கும் விடை கிடைக்காதவரை அது ஒரு துப்பு மட்டுமே.

இதனால் என்ன கெட்டுவிடும், கீமோவோடு சேர்த்து மூலிகையையும் குடித்துவிட்டுப் போகட்டுமே என்று பெரிய மனத்துடன் சொல்பவர்களும் இருக்கிறார்கள். கெடும். மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுக்குக் கொடுக்கப்படும் போர்டெசோமிப் மருந்தை, பச்சைத் தேயிலையில் உள்ள பாலிஃபீனால்கள் பற்றிப் பிணைத்துச் செயலிழக்கச் செய்வதாக 2009இல் ஆய்வகச் சோதனைகள் காட்டின. அதே தேயிலைச் சாறு, நாட்பட்ட லிம்போசைடிக் லூக்கேமியாவின் தொடக்க நிலையில் உள்ள சிலருக்கு அணு எண்ணிக்கையைக் குறைத்ததாக அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை மனிதர்களிடம் நடத்திய ஆய்வு காட்டியது. ஒரே பொருள் ஒரு ரத்தப் புற்றில் உதவக்கூடும், இன்னொன்றில் மருந்தையே முடக்கக்கூடும். மனச்சோர்வுக்கு எடுக்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, நாட்பட்ட மைலாய்ட் லூக்கேமியா நோயாளிகள் தினமும் விழுங்கும் இமாடினிப் மாத்திரையின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடுகிறது. கைப்பேசிகளில் ஓயாமல் சுற்றும் முள்சீத்தாவில் அன்னோனாசின் என்ற நரம்பு நச்சு இருக்கிறது. கரீபியத் தீவான குவாடலூப்பில் அதை வழக்கமாக உட்கொண்டவர்களிடம் பார்கின்சன் போன்ற நோய் மிகுதியாகக் காணப்பட்டதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இவை எல்லாவற்றையும்விட எளிய ஆபத்து ஒன்று உண்டு. கீமோவுக்குப் பிறகு வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும் நாட்களில், கொதிக்கவைக்காத பச்சிலைச் சாறு எதுவாயினும், அதில் ஒட்டியிருக்கும் மண் கிருமியே உயிருக்கு உலை வைத்துவிடும்.

ரத்தப் புற்றுநோய் என்று ஒரே பெயரில் நாம் அழைப்பவை பல வேறு நோய்கள் என்பதையும் செய்திகள் மறந்துவிடுகின்றன. தீவிர லூக்கேமியாவில் சில வாரத் தாமதமே வாய்ப்பைப் பறித்துவிடும். மாறாக, முதியவர்களுக்கு வரும் நாட்பட்ட லிம்போசைடிக் லூக்கேமியாவில் பலருக்கு ஆண்டுக்கணக்கில் எந்தச் சிகிச்சையும் தேவைப்படாது; மருத்துவர்களே கவனித்துக்கொண்டு மட்டும் இருப்பார்கள். அப்படிப்பட்ட ஒருவர் ஏதேனும் ஓர் இலையைத் தின்று நலமாக இருந்தால், அந்த நலம் இலையின் கணக்கில் எழுதப்படுகிறது. அந்தச் சாட்சியத்தை நம்பித் தீவிர லூக்கேமியா உள்ள பிள்ளையின் தகப்பனார் கீமோவை நிறுத்துகிறார். இன்னொன்று: பெயர் தெரியாத பொடிகளிலும் உருண்டைகளிலும் ஸ்டீராய்டு கலக்கப்படுவது உண்டு. லிம்போபிளாஸ்டிக் லூக்கேமியாவை ஸ்டீராய்டு சில காலம் அடக்கும். காய்ச்சல் இறங்கும், மூட்டு வலி போகும், பிள்ளை ஓடியாடும். நோய் பின்னர் திரும்பும்போது மருந்துக்குக் கட்டுப்படாததாக வரக்கூடும், தொடக்கத்தில் நோயைக் கண்டுபிடிப்பதையே அது குழப்பியும் விடும்.

இதழாசிரியர் என்ற முறையில் தாங்கள் கவனிக்க வேண்டிய சட்டம் ஒன்றும் இருக்கிறது. மருந்துகள், மாய நிவாரணங்கள் தொடர்பான ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் புற்றுநோயும் இருக்கிறது. புற்றுநோயைக் குணமாக்குவதாக ஒரு மருந்தை விளம்பரம் செய்வது குற்றம். பணம் கொடுத்தாலும் தாங்கள் வெளியிட முடியாத அந்த வாசகம், ஓர் ஆய்வு பற்றிய செய்தியின் தலைப்பாக மாறும்போது எந்தத் தடையும் இன்றி வாசகரை எட்டிவிடுகிறது. விளம்பரத்தைவிடச் செய்தியைத்தான் மக்கள் நம்புகிறார்கள் என்பதால் அதன் விளைவு கூடுதல்.

சித்த மருத்துவத்துக்கு எதிராக நான் பேசுவதாக எவரும் கொள்ள வேண்டாம். சென்னையில் மத்திய சித்த ஆராய்ச்சிக் குழுமமும், தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கின்றன. மனிதர்களிடம் நடத்தப்படும் மருந்துச் சோதனைகளைத் தொடங்கும் முன்பே பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2009இலிருந்து நடைமுறையில் உள்ளது. அந்தப் பதிவேடு எவரும் இணையத்தில் பார்க்கக்கூடியது. ஒரு மூலிகை ரத்தப் புற்றுக்குப் பயன்படும் என்று சொல்லும் ஆய்வாளரிடம் தங்கள் செய்தியாளர் பதிவெண்ணைக் கேட்டாலே போதும். அது மனிதர்களிடம் சோதிக்கப்படுகிறதா, எத்தனை பேரிடம், எதனோடு ஒப்பிட்டு என்பதெல்லாம் தெரிந்துவிடும். பதிவெண் இல்லையென்றால் ஆய்வு பயனற்றது என்று பொருள் இல்லை. அது இன்னும் மனிதரை எட்டவில்லை என்று பொருள். அதை அப்படியே எழுதலாம். கல்லூரி ஆய்வகங்களில் குறைந்த நிதியில் உழைக்கும் நம் இளம் ஆய்வாளர்களுக்கும் அதில் குறைவு ஏதும் இல்லை. ராபர்ட் நோபிளின் எலிகளும் மனிதரை எட்டாத படியில்தான் இருந்தன.

ஆகவே, அடுத்த முறை இத்தகைய செய்தி தங்கள் மேசைக்கு வரும்போது, சோதனை அணுக்களில் மட்டும் நடந்ததா, விலங்குகளிலா, மனிதர்களிலா என்பதை முதல் வாக்கியத்தில் சேர்க்குமாறு உதவி ஆசிரியர்களுக்கு அறிவுறுத்தக் கேட்டுக்கொள்கிறேன். லூக்கேமியாவில் எந்த வகை என்பதையும் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். சிகிச்சையில் இருப்பவர்கள் கஷாயமோ, பொடியோ, சாறோ எதை எடுத்துக்கொண்டாலும் அதை மறைக்காமல் தங்கள் மருத்துவரிடமும் மருந்தாளுநரிடமும் சொல்ல வேண்டும் என்ற வரியையும், குழந்தைகளின் தீவிர லூக்கேமியாவுக்கு அரசு மருத்துவமனைகளிலும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் சிகிச்சை கிடைக்கிறது என்ற வரியையும் அதே செய்தியோடு ஒரு சிறு கட்டத்தில் அச்சிடுங்கள். தலைப்பைப் படம் பிடித்து அனுப்புகிறவரின் கைப்பேசியில் அந்தக் கட்டமும் சேர்ந்தே விழும்படி அதைத் தலைப்புக்கு அருகிலேயே வைக்க முடியுமா என்று பார்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனை மருந்தாளுநர்,
தூத்துக்குடி மாவட்டம்.